கைராசிக்காரிக்காக நான் சொன்ன நல்ல வார்த்தை

காபி ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள். விசாரணைக் குழு என்றதும் மூன்று பேராவது வருவீர்கள் என்று நாற்காலி போட்டு வைத்திருந்தேன். நீங்கள் ஒருவரே வந்தது நல்லதாயிற்று. கூட்டத்தில் எனக்குப் பேச வராது.

என் ஆய்வகத்தில் எலிக்குட்டியின் மூளையிலிருந்து நரம்புச் செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்க்கிறோம். பிரிப்பது சுலபம், உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு. முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருகிறவர்களைப் போஸ்ட்டாக் என்போம். இதுவரை இருபத்தேழு பேரை நானே நேர்முகம் வைத்து எடுத்திருக்கிறேன். எல்லோர் கையிலும் பத்து நாளில் செல்கள் சுருங்கிச் செத்தன. ஒரே ஒருத்தி வளர்த்தவை மட்டும் ஆறு வாரம் இருந்தன. அதே கரைசல், அதே வெப்பப்பெட்டி, என்ன மாயமோ. ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் கைராசி என்றே கூப்பிட்டோம்.

நேர்முகத்திலேயே ஒளிக்காமல் சொன்னாள். கணவருக்கு வேறு ஊரில் வேலை, மூன்று வயது மகள் அவரிடம் இருக்கிறாள், இரண்டு வருடம் முடிந்ததும் அந்த ஊருக்கே போய்விடுவேன் என்றாள். தாராளமாகப் போம்மா என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் அங்கே விண்ணப்பம் போட்டாள். எங்கள் தொழிலில், இப்போது வேலை பார்க்கும் இடத்தின் தலைவர் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் எல்லோரும் எல்லோரையும் ஆகா ஓகோ என்றுதான் எழுதுவோம், அதனால் யாரும் அதை நம்புவதில்லை. படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். அதில் சொல்வதுதான் செல்லும். என்ன சொன்னோம் என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரியவே வராது.

எங்கள் கட்டுரை அப்போது பாதிக் கிணறு தாண்டியிருந்தது. அவள் இன்னும் ஆறு மாதம் இருந்தால் போதும். அவள் இடத்துக்கு ஆள் தேடாமலும் இல்லை. மூன்று பேரை எடுத்துப் பார்த்தேன், மூன்று பேரிடமும் செல்கள் செத்தன. அந்த நேரம் பார்த்து அந்த ஊர் ஆய்வகத் தலைவி கூப்பிட்டார். கடிதத்தில் இருந்த புகழ்ச்சி அத்தனையையும் திரும்பச் சொன்னேன். பிறகு, "மனசுதான் கொஞ்சம் சரியில்ல. செல் அறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழறாங்க. மாத்திரை சாப்பிடறாங்க. வெளியில சொல்லிடாதீங்க" என்றேன். வேலை தெரியாதவள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிச் சொல்வது அநியாயம்.

ஆறு மாதம் வருடக்கணக்கில் நீண்டது. ஒரு கட்டுரை வந்தால் அதன் வாலைப் பிடித்து இன்னொன்று வருகிறது, நான் என்ன செய்ய. அந்த ஊரில் மொத்தம் நான்கு ஆய்வகங்கள். நான்கும் கூப்பிட்டன, நான்கிடமும் அதையே சொன்னேன். ஒவ்வொரு முறை இல்லை என்று பதில் வரும்போதும் அவள் என் அறைக்குத்தான் வருவாள். என்னிடம் என்ன குறை, சொன்னால் திருத்திக்கொள்கிறேன் என்பாள். காலம் அப்படி இருக்கிறது என்று தேற்றி ஒப்பந்தத்தை நீட்டிப்பேன். கண் கலங்காமல் நன்றி சொல்வாள். எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

மதியம் மகளோடு வீடியோவில் பேசுவாள். அம்மா எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டிருந்த குழந்தை, ஏழு வயதில் கேட்பதை நிறுத்திவிட்டது. ஹலோ சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடும். இவள் வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தபடியே இருப்பாள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்திருக்கிறேன். எனக்கும் ஒரு மகள் உண்டு.

போன மாதம் ஒரு கருத்தரங்கில் முதலில் கூப்பிட்ட அதே ஆய்வகத் தலைவி இவளைப் பார்த்து, அழுகையெல்லாம் நின்றுவிட்டதா, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பரிவோடு விசாரித்துவிட்டார். மறுநாள் இவள் என் முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. நான் அழுது எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். பார்த்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

"அவங்ககிட்ட இப்பவும் ஒரு இடம் காலியா இருக்கு சார்," என்றாள். "நான் போய்ச் சொன்னா, அதையும் வியாதிம்பாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. ஒரே ஒரு ஃபோன் பண்ணுங்க. எம்பொண்ணுகிட்ட போகணும்."

அவள் எதிரிலேயே எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டேன். நான் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் இந்த ஆய்வகத்தை மூடிவிடுவார்கள், பதினோரு பேர் தெருவில் நிற்பார்கள். அவளையும் கைவிட மனமில்லை. யாருக்கும் பாதகமில்லாத ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்தேன்.

"அவங்க இப்பப் பூரண குணமாயிட்டாங்க மேடம். மாத்திரைகூட நிறுத்தியாச்சு."

ரொம்ப சந்தோஷம் என்றார் அந்த அம்மாள். எதற்கும் இன்னும் ஒரு வருடம் உங்கள் பார்வையிலேயே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

இவள் செல் அறைக்குத் திரும்பினாள். போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு செல்களுக்குக் கரைசல் மாற்றினாள். மறுநாளும் வந்தாள், வேறு எங்கே போவாள். இந்தப் புகாரைக்கூட அவள் எழுதவில்லை, கணவர் எழுதியிருக்கிறார்.

நான்கு ஆய்வகங்களிடம் நான் சொன்னது பொய். அதை ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி அழைப்பையும் ஏன் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அதில் அவளைப் பற்றி நல்லதைத்தானே சொன்னேன்.