தேங்காயெண்ணெய் குடித்த எஞ்சின்

— அந்தக் கடைசி நட்டை மூணாவது தடவையா இறுக்குறீங்க, அண்ணி.

— இன்னும் இறுகலை.

— இறுகிடுச்சு. இதுக்கு மேல திருகினா மரை போயிடும். ஸ்பானரை இப்படிக் குடுங்க.

— நீ காயலைத் தாண்டி வந்தது என் கையில இருக்கற ஸ்பானரைப் பிடுங்கவா, கமோரிக்கி? போய் பீப்பாயில தண்ணி ரொப்பு.

— அது எப்பவோ ரொப்பியாச்சு. பன்னெண்டு வாளி. காத்தாடி முங்கி, அதுக்கு மேல ஒரு சாண் தண்ணி நிக்குது. படகு எஞ்சினைத் தூக்கி பீப்பா விளிம்புல மாட்டினதும் நான்தான். முதுகு இன்னும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது.

— வியாழக்கிழமை ஆஸ்திரேலியாவுக்குப் போய் மூணு வருஷம் தோட்டத்துல குனிஞ்சு பழம் பறிக்கப் போறவன் பேசுற பேச்சா இது? ஒரு எஞ்சினைத் தூக்கினதுக்கே முதுகு வலியாம்.

— பழம் இவ்வளவு கனமா இருக்காதுன்னுதான் போறேன்.

— சரி விடு. அந்தத் துணியைக் குடு. பிளக்கை இன்னொரு தடவை தொடைச்சிடறேன்.

— காலையில இருந்து அதையே தொடைச்சுக்கிட்டு இருக்கீங்க. பளபளன்னு பல்லு மாதிரி இருக்கு. கயித்தை இழுக்க வேண்டியதுதான் பாக்கி. எதுக்குத் தள்ளிப் போடுறீங்க? கிளம்பாதோன்னு பயமா?

— கிளம்பாம எங்க போகும்? எட்டு மாசமா என் கையில இருக்கு. எந்தத் திருகு எங்க உக்காரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். பிஸ்டனைச் சுத்தி இருந்த வளையத்தை மட்டும் எடுக்க ஆறு வாரம் ஆச்சு, தெரியுமா? மண்ணெண்ணெயில ஊறப் போடறது, நகத்தால நெம்பறது, திரும்ப ஊறப் போடறது. பலாப் பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தது.

— தேங்காயெண்ணெய்.

— ஆமா, தேங்காயெண்ணெய்தான். உங்கண்ணன் உயிரோட இருந்தப்ப ஒரு தடவை திறந்து பார்த்தாரு. இது எஞ்சின் இல்லடி, பலகாரம் சுட்ட சட்டின்னு சொல்லி மூடி வச்சுட்டாரு. அப்புறம் தொடவே இல்லை.

— அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? சத்தியமா இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.

— நீ சொல்லாம விட்டதுன்னு ஒண்ணு இருக்கா? சொல்லு.

— பாய்மரம் ஒடிஞ்சு மூணு நாள் அடிச்சுக்கிட்டுப் போனேன்ல? மூணாவது நாள் தோணியில மல்லாந்து கிடக்குறேன். அண்ணன் தேடிக்கிட்டு வந்த சத்தத்தை நான் முதல்ல கேக்கலை. காதுல ஒரே அலைச் சத்தம். எனக்கு முதல்ல வந்தது வாசனைதான். யாரோ பக்கத்துல மீன் பொரிக்கிற வாசனை. சுத்திலும் தண்ணி, ஒரு பறவைகூட இல்லை, மீன் பொரிக்கிற வாசனை மட்டும் வருது. சரி, செத்துட்டேன், சொர்க்கத்துல இன்னும் சாப்பாடு ஆகலை போலன்னு நெனச்சேன்.

— உனக்கு சொர்க்கத்துலயும் அடுப்படிதானா.

— பசி அண்ணி. தலையைத் தூக்கிப் பார்த்தா காத்து வர்ற பக்கத்துல ஒரு புகை. அதுக்குக் கீழ அண்ணனோட மொட்டைத் தலை.

— பெட்ரோலோட கலந்து எஞ்சினுக்கு ஊத்துற எண்ணெய் அன்னிக்கு இந்தத் தீவுலயே இல்லை. கப்பல் மூணு வாரம் தாமதம். பெட்ரோல் மட்டும் மாதா கோயில் பீப்பாயில இருந்து ஊரே சேர்ந்து குடுத்தாங்க. உங்கண்ணன் காலி டின்னைக் கையில வச்சுக்கிட்டு கரையில நின்னாரு.

— நீங்க சமையல்கட்டுல இருந்து மூணு பாட்டில் தேங்காயெண்ணெயைக் கொண்டு வந்து குடுத்தீங்க.

— அதை உனக்கு யாரு சொன்னா?

— அண்ணன்தான், கண்ணை மூடறதுக்கு ஒரு வாரம் முன்னால. அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. நான் பொழைச்சு வந்ததுக்கு ஊர்க்கூடத்துல விருந்து வச்சு எல்லாரும் அண்ணனுக்கு மாலை போட்டாங்க. நானும் போட்டேன். உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லலை.

— நான் அன்னிக்குப் பந்திக்குக் கறிப்பலா சுட்டுக்கிட்டு இருந்தேன். மாலை போட்டிருந்தா பத்திக்கும்.

— சிரிக்காதீங்க. அதை ஊத்தினா எஞ்சின் போயிடும்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். அவரு சொன்னாரு, போக வர ஓடினா பெரிசு, அதோட இதுக்கு மூச்சு நின்னுடும்னு. திரும்பி வர்றப்போ நம்ம தென்னை தெரியற தூரத்துல அடைச்சு நின்னுச்சு. கடைசி ஒரு மைல் ரெண்டு பேரும் துடுப்புப் போட்டுத்தானே வந்தீங்க.

— நான் எங்க துடுப்புப் போட்டேன்? படுத்துக்கிட்டு வந்தேன். தெரிஞ்சேதான் ஊத்தச் சொன்னீங்களா?

— ரொம்ப உருகாத. உன்னை நெனச்சு குடுக்கலை. உன் வீட்டுல வளர்ற ரிபேக்காவை நெனச்சுத்தான் குடுத்தேன். ஆறு வயசு அவளுக்கு. ஏற்கெனவே ஒரு தடவை அவளுக்கு அப்பன் மாறியாச்சு. ரெண்டாவது அப்பனும் கடலோட போனா புள்ளை என்ன பண்ணும்?

— எதுவா இருந்தாலும் என் உயிர் அதுல கிடந்துச்சு. அந்த எண்ணெய்க்கு நான் இன்னிக்குத்தான் உங்களைக் கும்பிடறேன். இத்தனை நாள் கழிச்சு. நல்லா இருப்பீங்க, அண்ணி.

— சரி விடு. கையைக் கீழ போடு, கிரீஸ் அப்பிக்கிட்டு இருக்கு.

— அப்ப கயித்தை இழுங்க.

— இரு. எங்கண்ணன் யோதேபா வந்திருக்காரு, தெரியும்ல? திருவிழாவுக்கு. கோயில் பக்கத்து வீட்டுல தங்கியிருக்காரு.

— தெரியும். அதான் இழுக்காம உக்காந்திருக்கீங்களா?

— இந்தா பாரு, இது துண்டு துண்டாக் கிடக்குற வரைக்கும் யாருக்கும் கண்ணு உறுத்தலை. போன மாசம் அண்ணன் பொண்டாட்டி வந்து எட்டிப் பார்த்துட்டு, ஐயோ பாவம் இரும்புக் குப்பையோட மாரடிக்கிறாளேன்னுட்டுப் போனா. இழுத்தா சத்தம் கோயில் வரைக்கும் போகும். சத்தம் போன இடத்துல இருந்து ஆள் வரும். வந்து பாயில உக்காந்து, தங்கச்சி, அதை எனக்குக் குடுன்னு கேப்பாரு. வலையை அப்படித்தான் கேட்டாரு. தையல் மிஷினையும் அப்படித்தான்.

— ஒரு தடவை இல்லேன்னு சொல்லிப் பாருங்களேன்.

— கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொன்னவ நம்ம தீவுல ஒருத்திதான். அவ செத்து இருபது வருஷம் ஆச்சு. இன்னும் அவ பேரை யாரும் சொல்றதில்லை. இல்லேன்னவ வீடு, இல்லேன்னவ கிணறுன்னுதான் சொல்றாங்க. பேரப்புள்ளைக்கு இங்க யாரும் பொண்ணு குடுக்காம, தலைநகர் தராவாவுக்குப் போய்த் தேடினாங்க.

— அது நிஜம்தான்.

— நீயும் கேக்கத்தான் வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்.

— நானா?

— அஞ்சு வாரமா வாரத்துக்கு ஒரு நாள் வர்றே. தராவாவுல சொல்லி புது வளையம் வரவழைச்சுக் குடுத்தே. பம்புக்கு ரப்பர் வாங்கியாந்தே. இன்னிக்கு நல்ல சட்டையை மடிச்சுப் பையில வச்சுக் கொண்டு வந்திருக்கே. எஞ்சின் வேலைக்கு எவனாவது நல்ல சட்டை கொண்டு வருவானா? கேக்க வர்றவன்தான் கொண்டு வருவான். ஏழு வருஷத்துக்கு முன்னாலயும் நீ அப்படித்தான் வந்தே.

— அண்ணி.

— சொல்ல விடு. நானும் இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. நீயும் உன் பொண்டாட்டியும் வந்து உக்காந்து, எங்களுக்குப் புள்ளை இல்லை, ரிபேக்காவைக் குடுங்கன்னு கேட்டீங்க. சரின்னேன். வாய் உடனே சொல்லிடுச்சு. மார் ஒத்துக்கலை. ரெண்டு வயசு, ராத்திரி மட்டும் குடிச்சுக்கிட்டு இருந்தா. நாலு நாள் பால் கட்டிக்கிட்டு கல்லு மாதிரி இருந்துச்சு. உங்கண்ணன்கிட்ட கொசுக்கடின்னு சொன்னேன்.

— எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.

— தெரிய வேண்டாம்னுதான் சொல்லலை. தப்புன்னும் சொல்லலை. நீங்க அவளை நல்லாத்தான் வளக்குறீங்க. போன தடவை பார்த்தப்ப என்னை விட நல்லாப் பாய் முடையறா. எண்ணெய் தேய்ச்ச தலை, வெட்டின நகம். அதைப் பார்த்துட்டு உன் பொண்டாட்டிக்கு மனசுக்குள்ள கும்பிடு போட்டுத்தான் படகு ஏறினேன். அதுல குறையே இல்லை.

— அப்ப எதுல குறை?

— படகு ஏறினதுல. ஒவ்வொரு தடவையும் அக்கரைக்குப் போக யார் படகுலயாவது ஒரு இடம் கேக்கணும். கேட்டா குடுத்துடுவாங்க. இல்லேன்னு சொல்ல முடியாது இல்ல, அதனாலதான் எனக்குக் கேக்கவே பிடிக்கலை. மனசாரக் குடுக்குறானா, வேற வழியில்லாமக் குடுக்குறானான்னு முகத்தைப் பார்த்துக்கிட்டே போகணும். போய்ச் சேர்ந்தா அவங்க வேலை முடிஞ்சதும் கிளம்புன்னுவாங்க. கொப்பரை ஏத்துற நேரம்தான் எம்புள்ளையைப் பார்க்குற நேரம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரையும் கேக்காம, எஞ்சின் இல்லாமக் கரையில கிடக்குற என் படகுல நானா கிளம்பிப் போய், இருட்டுற வரைக்கும் உக்காந்துட்டு வரணும். அதுக்குத்தான் எட்டு மாசம் இந்த நகமெல்லாம் கறுத்துக் கிடக்கு.

— அப்ப அந்த ஒரு நாளுக்காவது இழுங்க.

— இழுத்தா, கிடைச்ச அன்னிக்கே போயிடும்.

— இழுக்காட்டி கிடைக்கவே கிடைக்காது. இழுங்க அண்ணி. சோக்கை நான் பிடிச்சுக்கறேன்.

— தள்ளி நில்லு. முழங்கை படும்.

— இன்னொரு தடவை. நல்லா இருமுது பாருங்க.

— இருமுறது நீ.

— புகை. புகைதான் முதல்ல வரும். இழுங்க.

— ம்.

— விடாதீங்க, விடாதீங்க, பிடிச்சுக்கிச்சு.

— என்ன?

— பிடிச்சுக்கிச்சுன்னேன். ஓடுது.

— கத்திப் பேசு, காது கேக்கலை. தண்ணி வருதா பாரு. பின்னாடி, அந்தச் சின்ன ஓட்டையில.

— வருது. ஒன்றரை வயசுப் பயல் பெய்யற மாதிரி வளைஞ்சு பெய்யுது. என் கால் மேலயே.

— சூடா இருக்கா?

— இளஞ்சூடு. குளிச்சுடலாம். அண்ணி, ஏன் அங்க திரும்பி நிக்கிறீங்க?

— புகை கண்ணுல பட்டுச்சு.

— புகை இந்தப் பக்கம் அடிக்குது.

— சரி விடு. நிறுத்து. போதும், நிறுத்து.

— நிறுத்திட்டேன். அடேங்கப்பா. எட்டு மாசத்துல செத்த எஞ்சினுக்கு உயிர் குடுத்துட்டீங்க. அண்ணன் இருந்திருந்தா…

— அண்ணன் இருந்திருந்தா நான்தான் முதல்லயே சொன்னேனேன்னு பேரைத் தட்டிக்கிட்டுப் போயிருப்பாரு. பதநீர் இருக்கு, குடிக்கிறியா? என்ன பண்றே? எதுக்கு அந்தச் சட்டையைப் போடறே?

— பாயை விரிங்க, அண்ணி.

— கமோரிக்கி.

— விரிங்க. நீங்களும் உக்காருங்க. நான் இன்னிக்குக் கேக்கத்தான் வந்தேன். நீங்க சொன்னது சரிதான்.

— இன்னும் சூடே ஆறலை. நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் போய்ட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் கேளு. ஒரே ஒரு நாள்.

— இப்பவே கேக்கணும். உங்க முகத்தைப் பார்த்துக் கேக்குறேன். இந்த எஞ்சினை எனக்குக் குடுங்க.

— அன்னிக்கும் இதே மாதிரி முழங்கால்ல கையை வச்சுக்கிட்டுத்தான் கேட்டே.

— பதில் சொல்லுங்க.

— என்ன பதில் இருக்கு? எடுத்துக்கோ. நீ ஆஸ்திரேலியா போனா உன் வீட்டுக்காரிக்கும் ஒரு எஞ்சின் வேணும். ரிபேக்கா இருக்குற வீட்டுக்குத்தானே போகுது. அப்படி நெனச்சுக்கறேன்.

— குடுத்தேன்னு சொல்லுங்க.

— குடுத்தேன்.

— அப்ப இது என்னோடது?

— உன்னோடது. கழட்டிக்கோ. கவ்வி ரெண்டும் இறுக்கமா இருக்கு, ஸ்பானர் அந்தத் துணியில இருக்கு. அதை மட்டும் என்னைக் கழட்டச் சொல்லாத.

— யாரும் கழட்டிக் கொண்டுபோக வேண்டாம். அது இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு உங்க படகுல மாட்டி நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க. அண்ணி, பாதையில யாரு வர்றாங்கன்னு பார்த்தீங்களா?

— எங்கண்ணன். சத்தம் கேட்டிருச்சு. வரட்டும், என்கிட்ட இனிமே கேக்க என்ன இருக்கு?

— எஞ்சினைத்தான் கேப்பாரு. நான் பின்பக்கமாப் போயிடறேன், கிளம்புற வரைக்கும் அவர் கண்ணுல பட மாட்டேன். இது கமோரிக்கியோடது, குடுக்க எனக்கு உரிமை இல்லை, வேணும்னா ஆஸ்திரேலியாவுக்குப் போய் அவன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கன்னு சொல்லுங்க; அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்கக் கூடாதுன்னுதான், வர்றதுக்குள்ள அவசரமா வாங்கினேன்.