சந்தனக் கலர் நூல்

— கிட்ட வராதே, அங்கேயே ஸ்டூல்ல உக்காரு. தைக்கக் கொடுத்த துணியெல்லாம் பரப்பி வச்சிருக்கேன். யாருக்காவது தொத்திக்கிச்சுன்னா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க.

— இது ஒண்ணும் ஒட்டுவாரொட்டி இல்லக்கா. நல்லா பாரு. மணிக்கட்டைச் சுத்தி மட்டும்தான், வளையம் போட்ட மாதிரி.

— ஐயோ, நீர் கோத்திருக்கே! சொறிஞ்சியா?

— சொறியாம? நகத்தை ஒட்ட வெட்டிட்டேன், அப்பவும் தூக்கத்துல என்னையறியாம பிறாண்டிக்கிறேன்.

— பாத்திரம் தேய்க்கிற சோப்பை மாத்தினியா?

— இல்லை.

— அப்போ அந்தப் பூனைதான். உன் வீட்டுக்காரர் அதைத் தூக்கிட்டு வந்தப்பவே சொன்னேன்.

— பூனை என்ன, இஞ்ச் டேப் வச்சு அளந்தா நக்கும்? தலையைச் சுத்தி மூக்கைத் தொடாதேக்கா. தோல் டாக்டர் முதல்ல கேட்டது என்ன தெரியுமா? ஜீன்ஸ் போட்டா பட்டன் படுற இடத்துல, தொப்புளுக்குக் கீழே, அரிக்குமான்னு.

— அரிக்குமா?

— எப்பவுமே அரிக்கும். நிக்கல்னு ஒரு உலோகமாம். மட்டமான நகையில கலந்திருக்குமாம். சில பேர் தோலுக்கு அது ஆகவே ஆகாதாம், வேர்த்தா இன்னும் மோசமாம். நல்ல தங்கம் இப்படிப் படுத்தாது, எதுக்கும் கையில போட்டிருக்கிற வளையலை உரசிப் பாருங்கன்னாரு.

— உரசினியா?

— ஏன்க்கா மெஷின் நின்னுடுச்சு?

— நூல் அறுந்துடுச்சு. உரசினியான்னு கேட்டேன்.

— உரசினேன். அம்மா வளையல் பித்தளை. மேல தங்க முலாம்.

— அளவா பேசுடி. உள்ளே அப்பா படுத்திருக்காரு.

— அதான் கேக்குறேன். அம்மா போனதுலேர்ந்து நீ என்கிட்ட கொடுக்கிற வரைக்கும், வளையல் யார் பீரோவுல இருந்துச்சு?

— என் பீரோவுல.

— சாவி?

— என் இடுப்புல. வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்கப் போனவ, கூடப்பிறந்தவளையே கூண்டுல ஏத்திட்டே. ம், கேளு.

— மோட்டார் வச்ச இந்தப் புது மெஷின் எப்போ வந்துச்சு?

— ஓ, அங்கே சுத்தி இங்கே வர்றியா?

— அசல் வளையல் எங்கக்கா?

— நான்தான் மாத்தினேன்னு வச்சுக்கோ.

— வச்சுக்கோன்னா? மாத்தினியா, இல்லையா?

— மாத்தினேன். போதுமா? அந்த வளையலை இப்படிக் கொடுத்துட்டுக் கிளம்பு. அப்பா காதுல மட்டும் போடாதே.

— இவ்வளவு சுளுவா ஒத்துக்கிற ஆள் இல்லையே நீ. தைச்ச ஜாக்கெட் இறுக்கிப் பிடிச்சாக்கூட துணி சுருங்கிடுச்சுன்னு சாதிப்பியே. யாரை மறைக்கிறே?

— அதை விடு. உள்பக்கம் நூல் சுத்தியிருந்துச்சே, அது எங்கே?

— அழுக்கா இருந்துச்சு. பிரிச்சுப் போட்டுட்டேன்.

— அடிப்பாவி! அம்மா சுத்தினது, அப்படியே இருக்கட்டும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!

— நூல்ல என்னக்கா இருக்கு? கை இளைச்சுப் போச்சு, வளையல் லொடலொடங்குது, அதான் சுத்தியிருக்கேன்னு அம்மாதானே சொல்லுவா?

— அம்மா எந்தக் காலத்துலடி இளைச்சா?

— அக்கா... அப்போ அம்மாவுக்கும் அரிச்சுதா?

— உனக்கு அப்படியே அவ தோலு.

— அப்பாவா மாத்தினாரு?

— மெதுவா பேசு. அவரோட அச்சகம் கடன்ல மூழ்கப் பார்த்த நேரம். அவ குளிக்கக் கழட்டி வச்சதை எடுத்துட்டுப் போய் வித்துட்டு, அச்சு அசலா இன்னொண்ணு செஞ்சு அதே இடத்துல வச்சுட்டாரு. கண்ணை ஏமாத்தலாம், தோலை ஏமாத்த முடியலையே.

— அம்மா கேக்கவே இல்லையா?

— கேட்டா அந்த மனுஷன் உடைஞ்சு போவார்னு வாயே திறக்கலை. நூலைச் சுத்திக்கிட்டா. கடைசியா ஆஸ்பத்திரியில வச்சுத்தான் என்கிட்டயே சொன்னா. அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.

— கடைசி வரைக்கும் அந்த நூலோடயேவா இருந்தா?

— ஒரு பட்டன் தைக்கத் தெரியாதவ. ஆனா அவ டப்பாவுல சந்தனக் கலர் நூல்கண்டு மட்டும் நான் பார்த்து ஒருநாளும் தீர்ந்ததில்லை. கடை கண்ணிக்குப் போகாதவளுக்கு எங்கேருந்துதான் கிடைச்சுதோ.

— உன்னைத் திருடின்னு நெனைச்சுட்டேன்க்கா.

— வாசல்ல நுழையறப்பவே உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு. சரி சரி, அழாதே. களிம்பு தடவின கையால கண்ணைக் கசக்காதே. டாக்டர் வேற என்ன சொன்னாரு?

— சிவப்பு அடங்குற வரைக்கும் இதை மெல்லிசா தடவணும். அரிச்சா நகம் படாம ஈரத்துணியை வைக்கணும். சுடுதண்ணி கூடாது. தோல் காயாம பார்த்துக்கணும். எல்லாத்துக்கும் மேல, அந்த வளையல் பக்கமே போகக்கூடாதுன்னாரு.

— அங்கேதான் இடிக்குது. சின்னவ அம்மா வளையலைப் போட்டுக்கிறாளான்னு அப்பா என்னைத் தினமும் துளைக்கிறாரு. புண் ஆறட்டும். அப்புறம் இங்கே வர்றப்ப மட்டும், நான் கனமா நூல் சுத்தித் தர்றேன், கொஞ்ச நேரம் போட்டுக் கழட்டிடு. ஷ்... செருப்புச் சத்தம். சோப்புன்னு சொல்லு.

— யாரு, சின்னவளா? கையில என்னம்மா இப்படிச் செவந்திருக்கு?

— சோப்பு ஒத்துக்கலைப்பா.

— சோப்பை ஏம்மா குத்தம் சொல்றே? நூலைப் பிரிச்சிருப்பே. உங்கம்மா டப்பாவுல அது தீரத் தீர, அவளுக்குத் தெரியாம நான்தானே வாங்கி வைப்பேன்.