இருங்க, பார்க்கிறேன்

"கார்டுல காசு இருக்கு, கண்ணாடியில ஸ்டிக்கர் இருக்கு, கேட் மட்டும் தூக்க மாட்டேங்குதுக்கா. எங்க மூஞ்சியே அதுக்குப் பிடிக்கல போல."

"அப்போ வீட்டுக்கே திரும்பிப் போ, பாப்பா. சாவி உன்கிட்ட இருக்குல்ல? சாயங்காலம் வந்து பார்க்கிறேன். காலையில சரியாயிடும்."

இப்படித்தான் ஐயா, இது ஆரம்பித்தது. போனில் என் தங்கை சிரித்தாள், நானும் சிரித்தேன். நெடுஞ்சாலையில் போகிற எல்லோருக்கும் கார்டு என்றாவது மக்கர் செய்யும். அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. சுங்கச்சாவடி ஊருக்கு வெளியே இருக்கிறது. புகார்ப் பிரிவு ஊருக்குள், ஒரு வங்கியின் மாடியில். அங்கே நான் மேற்பார்வையாளர். ஒரு கார்டின் மேல் சந்தேகம் வந்தால், 'ஆவணம் சரிபார்ப்பில் உள்ளது' என்று குறித்து நிறுத்திவைக்கலாம். கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும், கையில் ரொக்கம் நீட்டினாலும் தடுப்புக் கம்பு எழாது. அதைப் பற்றிய புகாரும் என் மேசைக்குத்தான் வரும்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளை வளர்த்தது நான். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் நான்தான். தங்கமான மனிதர். அவரைக் கெட்டவர் என்று சொல்லி என் பாரத்தைக் குறைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. சாவடிக்கு அந்தப் பக்கம், பெரிய நகரத்தில் குடியிருந்தார்கள். விடுமுறைக்கு என்னிடம் வருவார்கள். சில தடவை, அவர்கள் கிளம்புகிற அன்று கார்டை நிறுத்திவிடுவேன். கூட்டம் இல்லாவிட்டால் பின்னால் எடுத்து, சாவடிக்கு முன்னாலிருக்கும் வழியில் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். திரும்பி வருவார்கள். அன்றைக்கு இரவும் அவள் தன் பழைய அறையில் தூங்குவாள். மறுநாள் நானே கார்டை விடுவித்துவிடுவேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மாப்பிள்ளை வேடிக்கையாகப் பேசுவார். "அண்ணி கையால சாப்பிட்டா கார்டுக்குக்கூடக் கிளம்ப மனசு வரமாட்டேங்குது" என்பார். ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி வேறு மாதிரிப் பேசினார்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. மத்த டோல்கேட்ல எல்லாம் இது ஒழுங்கா வேலை செய்யுது. உங்க வீட்டுலேர்ந்து கிளம்பும்போது மட்டும்தான் அடம் பிடிக்குது."

நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறந்து இருங்கன்னு சொன்னா இருக்கப்போறோம். அவகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

சொல்லிவிட்டு, மன்னித்துவிட்டவர் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை.

அடுத்த தடவை வந்தபோது அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. இருவரும் போகிறார்கள். பாப்பா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே என்னென்ன புடவை எடுத்துப்போவது என்றும் கேட்டாள். கடல் தாண்டிப் போகிற வழியில் சுங்கச்சாவடி கிடையாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் கிளம்ப வேண்டிய காலை, நான் சீக்கிரமே வேலைக்கு வந்து கார்டை நிறுத்தினேன். பழக்கம்தான். இன்னும் ஒரு நாள் கிடைக்கும், அவ்வளவே.

வண்டி சாவடியை நெருங்கும்போது அவருக்கு நெஞ்சு வலித்ததோ, வியர்த்ததோ எனக்கு எப்படித் தெரியும்? பெரிய ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். பாப்பா திரும்பாமல் நேரே வரிசைக்குள் ஓட்டியிருக்கிறாள். உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் சுவர், அன்றைக்குப் பின்னால் லாரிகள் வேறு. சாவடியில் நிற்கும் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், ஒரு கார்டு நிறுத்தியிருக்கு. உள்ள ஒரு ஆம்பளைக்கு நெஞ்சு வலி, ரொம்ப முடியல. கையால தூக்கிடட்டுமா?"

நிறுத்திவைத்த கார்டுக்கு என் அனுமதி இல்லாமல் கேட்டைத் தூக்கக் கூடாது. அது விதி. வண்டி எண்ணைச் சொன்னாள். எனக்குப் பாடமான எண்.

"இருங்க, பார்க்கிறேன்" என்றேன்.

ரிசீவரை மேசையில் வைத்தேன். துண்டிக்கவில்லை. லாரிகளின் ஹாரன் கேட்டது. யாரோ ஒரு பெண் கத்துவதும் கேட்டது. கைப்பைக்குள் என் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நான் தண்ணீர் குடித்தேன். திரையில் கார்டின் பக்கம் திறந்தே இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம், மேடம் என்று ரிசீவர் கெஞ்சியது. கடைசியில் அந்தப் பெண் விதியை மீறி, தானே கேட்டைத் தூக்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார்களாம்.

இப்போது அந்தப் பெண் தாமதித்ததால்தான் உயிர் போனது என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் நானாகவே உங்களைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்தேன். செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி தண்டனை அனுபவிப்பது அநியாயம். அநியாயம் எனக்கு ஆகாது.

எழுதிக்கொள்ளுங்கள். 'தூக்குங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அவர் பிழைக்கமாட்டார் என்றும், அவர் இல்லாவிட்டால் பாப்பா எங்கேயும் போகமாட்டாள் என்றும் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

நீங்கள் பாப்பாவையும் வரச்சொல்லியிருக்கிறீர்கள். கதவருகே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். முகம் வெளுத்திருக்கிறது. காலையிலிருந்து சாப்பிட்டிருக்கமாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். எழுதுவதை ஒரு நிமிடம் நிறுத்துங்கள் ஐயா. கல்யாணத்தன்று வாசலில் சொல்லியிருக்க வேண்டியது, இத்தனை வருஷமாகத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

"போகாதே, பாப்பா. நான் வர்ற வரைக்கும் நம்ம வீட்டுலயே இரு."