பதினொரு கிட்டாருக்குள் ஒட்டியிருந்த பெயர்

பெயர் கிரெசென்சியோ பாரகான், வயது 52, மனைவியை இழந்தவன், கிட்டார் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலை, வசிப்பது கலிபோர்னியா ஃபுல்லர்ட்டனில் ரயில் பாதைக்குத் தெற்கே. 14-3-1956 புதன்கிழமை பிற்பகல் காவல் நிலையத்தில் சார்ஜென்ட் ஹோல்கம் கேட்கச் சொன்னதாவது:

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடம் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என் மகள் ஒஃபேலியா, வயது 23, அதே ஆலையில் ஆறு வருடமாகப் பிக்கப் சுற்றுகிறாள். அது கிட்டாரின் ஓசையை வாங்கி மின்சாரமாக்கும் காந்தச் சுருள். தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். சுற்றியவள் தன் பெயரைப் பென்சிலால் ஒட்டுத்தாளில் எழுதிக் கிட்டாரின் குழிக்குள் ஒட்டுவது அந்தப் பெண்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

திங்களன்று சத்தமே வராத பதினொரு கிட்டார்கள் கடையிலிருந்து திரும்பி வந்தன. புதுக் கம்பி அறுந்துபோகிறது என்று பெண்கள் போன மாதமே சொல்லியும், மேற்பார்வையாளர் ஸ்ட்ரவுட் அதையே சுற்றச் சொல்லியிருந்தார். அன்றே அவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு கிட்டாரைத் திறந்து, உள்ளே இருந்த ஒட்டுத்தாளை என் மகளிடம் காட்டினார்.

"தொழிற்சங்கத்துக்குக் கையெழுத்து வாங்குனவ நீதானே? வேணும்னே கம்பிய வெட்டிட்டு, பேரு வேற எழுதி வெச்சிருக்க."

அதைத் தான் சுற்றவில்லை என்று அவள் சொன்னாள். மறுநாள் போலீசார் அவளைக் கொண்டுபோனார்கள். நான் அவளுக்காகப் போலீசாரிடம் பேசப் போனபோது, "அப்பா, நீங்க வாயத் திறந்தா எனக்கு ஜெயில் இன்னும் ஒரு வருஷம் கூடும்" என்றாள். அதனால் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு இன்று சாப்பாட்டு வேளையில் திருப்புளியோடு சரக்கறைக்குள் போனேன். அனுமதி கேட்கவில்லை. ஏழு கிட்டார்களைத் திறந்தபோது ஸ்ட்ரவுட் வந்தார்.

"ஏய் துடைப்பம், உனக்குப் படிக்கவே தெரியாது. உள்ள என்னத்தத் தேடுற?"

"படிக்கத் தெரியாதுங்கய்யா. ஆனா இந்தப் பேர வெச்சவன் நான்."

அவர் ஒட்டுத்தாள்களைப் பிடுங்க வந்தார். அவர் உதடு கிழிந்தது குப்பை அள்ளும் தகரத்தால். அந்தத் தகரம் என் கையில் இருந்ததை மறுக்கவில்லை.

நான் தப்பில்லாமல் எழுதக்கூடிய சொற்கள் இரண்டு. ஒன்று என் கையெழுத்து, மற்றது என் மகள் பெயர். ஐந்து வயதில் அவளுக்கு அதை எழுதக் கற்றுக்கொடுத்தவனும் நானே. எங்கள் ஸ்பானிஷ் மொழியில் 'ஓ'வுக்கு அடுத்து 'எஃப்' என்ற ஒரே எழுத்து வரும். ஏழு ஒட்டுத்தாள்களிலும் ஆங்கிலக்காரர்கள் எழுதுவதுபோல் 'பி', 'எச்' என்று இரண்டு எழுத்து இருக்கிறது. அவள் வருகை அட்டையிலும் அப்படியே. அந்த அட்டையை எழுதியது ஸ்ட்ரவுட். அட்டையையும் ஏழு ஒட்டுத்தாள்களையும் ஒப்படைத்துள்ளேன்.

"எப்படி எழுதுனா என்னய்யா, ரெண்டும் ஒரே பேருதானே" என்று சார்ஜென்ட் கேட்டார். கம்பி சுற்றும் மேசையில் இருப்பதெல்லாம் எங்கள் மொழிப் பெண்கள், அவர்களில் யாரை எழுதச் சொன்னாலும் 'எஃப்' போடுவாள் என்றேன்.

இதைத் தட்டச்சு செய்து படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. என் மகள் பெயர் வந்த இடத்தில் மட்டும் 'பி', 'எச்' என்று அடித்திருந்ததை நான் விரல் வைத்துக் காட்ட, சார்ஜென்ட் ஏழு ஒட்டுத்தாள்களையும் மறுபடி எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானே பேனாவால் திருத்தினார். அதன் பிறகே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) கிரெசென்சியோ பாரகான்