திரும்பி வந்த சொல்லுக்குக் காசில்லை

ஜெர்மன் மொழியின் விலை, ஐயா, சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய். பேரம் தெரிந்தவனுக்கு ஒரு ரூபாய்க்கும் படியும்.

பதினான்கு வருடமாக ஜனக்புரியில் மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்துகிறேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த என் அப்பாவும் ஒரு நாள்கூடத் துவரை விதைத்ததில்லை.

எங்கள் தொழிலில், முன்பே மொழிபெயர்த்த வாக்கியம் திரும்ப வந்தால் மொழிபெயர்ப்பவருக்குக் காசு குறையும். கணினியே பழையதைப் போட்டுக்கொள்ளும். வாக்கியத்துக்கு இருந்த அந்த வழக்கத்தை நான் சொல்லுக்கே கொண்டுவந்தேன். முதல் தடவைக்கு மட்டும் காசு. கம்பெனிகளிடம் எல்லாத் தடவைக்கும் வாங்குவேன். மண்டியில் சாக்கையும் சேர்த்து நிறுப்பதில்லையா, அதுபோல.

இங்கிலீஷ் சொல்தான் இடைஞ்சல். ஒரே சொல் நாலு வீட்டில் வேலை பார்க்கும். ஜெர்மன்காரர்களோ பாத்திரத்துக்கு ஓர் ஆள், துணிக்கு ஓர் ஆள் என்று வைப்பவர்கள்.

போன வருடம் ஒரு வென்டிலேட்டர் வேலை வந்தது. கையேடு, திரையில் வரும் வாசகம் எல்லாம் சேர்த்து ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல் அறுபத்திரண்டு இடம். எங்களிடம் ஜெர்மன் பார்த்த ஹம்சா, கிட்வாய் நகர்ப் பெண், என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

“சார், பேஷன்ட் வீட்டுக்குப் போறதும் டிஸ்சார்ஜ், பேட்டரி தீர்றதும் டிஸ்சார்ஜ், புண்ணுல சீழ் வடியறதும் டிஸ்சார்ஜ். ஜெர்மன்ல மூணும் வேற வேற.”

“ஒண்ணுக்குத்தாம்மா காசு.”

“மீதி ரெண்டுக்கு ரெண்டரை ரூபா சார். அதுல ஒரு கப் சாய்கூட வராது.”

“இன்னிக்கு ரெண்டரை. நாளைக்கு எல்லா வார்த்தையும் கை நீட்டும்.”

“அச்சா, அப்ப சர்டிபிகேட்ல என் பேரைப் போடாதீங்க. பேட்டரி தீர்ந்தா ஸ்க்ரீன்ல வர்றது இந்த வார்த்தைதான். யாராவது செத்துப்போவாங்க.”

அன்றோடு வேலையை விட்டுவிட்டாள். அவள் எழுதிவைத்துப் போன மூன்றில் எதை வைப்பது என்று நானே யோசித்தேன். சீழ் வேண்டாம். தீர்ந்தது என்ற சொல்லும் வேண்டாம். உப்பு தீர்ந்தால்கூட எங்கள் வீட்டில் ‘நிறைய இருக்கு’ என்போம். நோயாளி வீடு திரும்புவதுதான் மங்களகரமாக இருந்தது. அறுபத்திரண்டு இடத்திலும் அதையே போட்டேன்.

மார்ச்சில் கம்பெனியிலிருந்து கடிதம். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் பேட்டரி தீர்ந்து இயந்திரம் நின்றிருக்கிறது. தூரத்து மேஜையில் திரையைப் பார்த்த நர்ஸ், நோயாளி வீட்டுக்குப் போயாயிற்று, கட்டில் காலி என்று நினைத்து அலாரத்தை அணைத்திருக்கிறார். கட்டிலில் ஆள் இருந்திருக்கிறார். மொழிபெயர்ப்பு சரிதானா என்று கேட்டிருந்தார்கள்.

திருத்திக் கொடுத்திருக்கலாம். ஆனால் சரக்கு திரும்பி வந்தால் அப்பா முதலில் தேடுவது ரசீதைத்தான். ஹம்சாவின் பழைய கையெழுத்து ஒன்று கணினியில் இருந்தது. அதைச் சான்றிதழில் ஒட்டி, எல்லாம் சரியே என்று அனுப்பினேன். ஏப்ரலில் வேறோர் ஊரில் ஒருவர். அதே கேள்வி வந்தது. அதே பதிலை அனுப்பினேன். மே மாதம் ஒன்பது வயதுப் பெண்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே ஹம்சா, அவளை அனுப்பிவிடுங்கள். கையெழுத்து அவளுடையது, ஒட்டியது நான். இதைச் சொல்ல நானாகத்தான் வந்தேன். யாராவது செத்துப்போவார்கள் என்று அவள் அன்றைக்கே எனக்கு எழுதி அனுப்பிய மின்னஞ்சல் நேற்று உங்கள் கையில் கிடைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வாக்குமூலத்தில் ஒரே ஒரு திருத்தம். மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். செய்த பிழை ஒன்று. மற்ற இரண்டும் அதே பிழை திரும்பி வந்தது. திரும்பி வருவதற்குக் கணக்கில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் விளக்கினேன்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். சாவு, ஒன்று. ஹம்சாவுக்குச் சேர வேண்டியது, ரூபாய் இரண்டரை. இதோ, உங்கள் மேஜையில் வைத்துவிட்டேன். பாக்கி, இல்லை.