இசக்கிபாண்டி பேரில் ஏறிய ரத்தம்

இசக்கிபாண்டி: சோத்த அப்புறம் திங்கலாம். போனப் பாரு சேகரு... என் பேருக்கு நேரா செவப்பா எரியுது. கிட்னி கோளாறாம்!

ராஜசேகர்: கிட்னியா? குடு, கீழ தள்ளிப் பாக்கறேன்.

இசக்கிபாண்டி: தள்ளாத! மேல உள்ளதப் படி, போதும்.

ராஜசேகர்: லேப்ல மாத்திப் போட்ருப்பானுங்க.

இசக்கிபாண்டி: மாத்துனது நாமல்லா! மெடிக்கல் கேம்ப்ல என் கார்ட மாட்டிக்கிட்டு கைய நீட்டுனது நீதான?

ராஜசேகர்: மெதுவா... பக்கத்து டேபிள்ல சூப்பர்வைசர் கீறாரு. ஊசியப் பாத்ததும் மயங்கி வுயுந்தது யாரு? கார் கதவையே ஒத்த ஆளா தூக்குற, இத்தினூண்டு ஊசிக்குப் போயி...

இசக்கிபாண்டி: சிரிக்காதடே. ஒனக்குப் பயமா இல்லையா?

ராஜசேகர்: எனக்கு இன்னாத்துக்குப் பயம்? பேரு உன்னுது.

இசக்கிபாண்டி: ரத்தம்?

ராஜசேகர்: ...கிளினிக்ல சொல்லி அழிச்சிடு.

இசக்கிபாண்டி: அழிக்க முடியாதாம். பிளாக்செயின்ல ஏத்திட்டாவளாம். ஆஸ்பத்திரி, லேபு, கம்பெனி... எல்லார்ட்டயும் ஒரே காப்பி. ஒண்ண மாத்துனா மத்தது காட்டிக் குடுத்துருமாம்.

ராஜசேகர்: அப்போ... சாவுற வரிக்கும் அது அப்டியே கீதுன்றியா?

இசக்கிபாண்டி: பழசு கெடக்கும். அதுக்குக் கீழ திருத்தம் சேக்கலாமாம். யார் ரத்தம்னு உண்மையச் சொல்லணும்.

ராஜசேகர்: சொல்லிக்கில்லி வெச்சிடாத! ரெண்டு பேரு வேலையும் பூடும்.

இசக்கிபாண்டி: ஷூ லேஸ ஏம்ல அவுத்து விட்டிருக்க?

ராஜசேகர்: காலு வீங்கிக்கினு... ஷிஃப்டு ஃபுல்லா நிக்கறேன்ல.

இசக்கிபாண்டி: நானுந்தான் நிக்கேன். அன்னைக்கு நான் கேக்கவே இல்லையே. நீயாத்தான 'நான் போறேன்'ன?

ராஜசேகர்: எங்கப்பாவுக்கும் கால்லதான்டா ஆரம்பிச்சுது... எனக்குத் தெரிஞ்சே ஆவணும். என் பேர்ல தெரிஞ்சா கான்ட்ராக்ட்ட நீட்ட மாட்டானுங்க. என் பொண்டாட்டி ஜோதி வேற மாசமா கீறா.

இசக்கிபாண்டி: அதுக்கு என் பேரு கெடச்சுதா?

ராஜசேகர்: தப்புதான்டா. பயத்துல பண்ணிட்டேன்... நாளைக்கு எங்க லைனுக்கு கேம்ப்பு. என் கார்ட மாட்டிக்கினு நீ போ. உன் ரத்தம் சுத்தம்டா. கண்ண மூடிக்கோ, நான் புடிச்சிக்கறேன்.

இசக்கிபாண்டி: முடியாது சேகரு. காலையிலயே கிளினிக்ல என் கைய நானே நீட்டிட்டேன்... பழசு ஒன் ரத்தம்னும் சொல்லிட்டேன். கீழ தள்ளிப் பாரு, ஒன் பேரு ஏறிட்டு. இனி ஒரு நாள் தாமதிச்சாலும் ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லுதாவ... கேட்டுல ஆம்புலன்ஸ் நிக்கு. கையக் கழுவுடே, நானும் வாரேன்.