கைத்தாங்கல்

வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்த்து வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும். லேசில் எதையும் நம்பாத ஆளோடுதான் நம்பி வியாபாரம் பண்ணலாம். என் கூட்டாளி சச்சிதானந்தன் அந்த ரகம். வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் சேர்ந்து நடத்திய மளிகைக் கடையில், என் சொல் ஒன்றைத்தான் அவர் முறித்துப் பார்க்காமல் எடுத்தவர்.

அவருக்குத் தேனீ ஆகாது. கொட்டினால் தொண்டை வீங்கும், மூச்சு இழுக்கும், தலை சுற்றும். அதற்கான அட்ரினலின் ஊசிப் பேனா வீட்டில் ஒன்றும் கடை மேசை லாச்சியில் ஒன்றும் இருக்கும்.

"என்ர உயிர் உம்மட லாச்சிக்குள்ள கிடக்கு ஐசே. புளியோட சேத்து ஆருக்கும் வித்துப்போடாதையும்," என்பார்.

பயிற்சி வகுப்புக்கும் சேர்ந்தே போனோம். தாதி திரும்பத் திரும்பச் சொன்னார்: உடனே தொடையில் ஊசியைக் குத்துங்கள். படுக்க வையுங்கள்; மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம். எழுப்பி நடத்தவே கூடாது, இதயம் நின்றுவிடும். நான் கவனமாகக் கேட்டேன்.

பக்கத்துக் கடை காலியானபோது இருவருமாக எடுப்பதென்றுதான் பேச்சு. போன மாதம் அதன் கண்ணாடியில் அவருடைய பெயர் மட்டும் ஏறியது. பெயின்ற் அடிக்க வந்தவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"உமக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்," என்றார்.

"பெயின்ற் காயட்டும் எண்டு பாத்தீராக்கும்," என்றேன்.

இருவரும் சிரித்தோம். அவர் நிம்மதியாகச் சிரித்தார்.

அடுத்த கிழமை, கடையின் பின்வளவில் பெட்டி இறக்கும்போது அவரைத் தேனீ கொட்டியது. தேனீயை நான் அனுப்பவில்லை. கதிரையில் விழுந்து, உதடு தடித்து, "பேனா... பேனா..." என்றார்.

"பதறாதையும். எழும்பும், காத்தாடக் கொஞ்சம் நடப்பம்."

கைத்தாங்கலாக எழுப்பினேன். லாச்சி கடைக்குள்ளே, நான் வேலிப் பக்கம் நடத்தினேன். முழுப் பாரத்தையும் என் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வேலியடியில் விழுந்தார். பிறகு நிதானமாகப் போய்ப் பேனாவை எடுத்து வந்து முறைப்படி குத்தினேன். அம்புலன்சுக்கும் அடித்தேன்.

பதற்றத்தில் படித்ததை மறந்துவிட்டேன் என்று எல்லாரும் என்னை மன்னித்துவிட்டார்கள். தாதி சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை. சாகட்டும் என்றுதான் நடத்தினேன். கூட இருந்தே ஏமாற்றியவர் அவர். அதை மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

செத்தவீட்டில் அவர் மனைவி விமலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கடைசி மட்டும் நீங்கள் அவரைக் கைவிடேல்லை, அண்ணை."

"ஓம்," என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.